இஸ்தோப்பில் அடித்த ஆணி

2025 பெப்ரவரி நடுவில் ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து கதவுப் பூட்டைத் திறக்கிறதுக்குள் பக்கத்துக் காம்பரா அக்கா போனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். "டீச்சர், 2032ல கல்லு ஒன்னு விழப்போகுதாமே, நம்ம பக்கந்தானாம், உண்மையா?" வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. கடல் பொங்குகிறது, கட்டடம் சரிகிறது, பின்னால் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். அக்காவின் இடுப்பில் பேரப்பிள்ளை உட்கார்ந்திருந்தது. அதுக்கு அப்போது இரண்டு வயசு. 2032ல் ஒன்பது வயசு ஆகும். அக்கா அதைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"அதெல்லாம் பொய்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் அது பொய் இல்லை. வீடியோதான் பொய், கல் நிஜம். 2024 டிசம்பர் 27ஆம் தேதி சிலியில் இருக்கிற அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த சிறுகோள், பெயர் 2024 வை.ஆர்.4, அகலம் சுமார் 60 மீட்டர். 2032 டிசம்பர் 22ஆம் தேதி பூமியில் மோத வாய்ப்பு இருக்கிறது என்று நாசாவே சொல்லியிருந்தது. மோதினால் எங்கே என்று போட்ட கோடு பசிபிக்கில் தொடங்கி தென் அமெரிக்காவின் வடக்கு, அத்திலாந்திக், ஆப்பிரிக்கா, அரபிக் கடல் என்று வந்து தெற்காசியாவில் முடிந்தது. பெப்ரவரி 18ஆம் தேதி அந்த வாய்ப்பு 3.1 சதவீதம் வரைக்கும் ஏறியது. இந்த அளவு பெரிய கல்லுக்கு இவ்வளவு அதிகமான சதவீதம் அதற்கு முன்னால் பதிவானதே இல்லை.

அப்புறம் ஒரு வாரத்துக்குள் அது கிட்டத்தட்ட பூச்சியத்துக்கு இறங்கிவிட்டது. இதுதான் எல்லாரையும் குழப்பியது. "முதல்ல ஒன்னுங்கிறான், அப்புறம் மூனுங்கிறான், இப்ப இல்லைங்கிறான், இவனுங்களுக்கே தெரியாது" என்று ஸ்டாஃப் ரூமிலேயே பேச்சு. எனக்கு அது தாங்கவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கு ஏறி இறங்கிய விதம்தான் அவர்கள் ஒழுங்காக வேலை செய்தார்கள் என்பதற்குச் சாட்சி.

அக்காவுக்கு நான் சொன்ன உதாரணத்தையே இங்கேயும் சொல்கிறேன். மழை விட்ட இரவு, மூடுபனி, நாம் சந்தியில் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறோம். தூரத்தில் வெளிச்சம் தெரிகிறது. முதலில் அது பஞ்சு மாதிரிப் பரந்து கிடக்கும், நம் ரோட்டில் வருகிறதா, மேல் டிவிஷனுக்குத் திரும்புகிற ரோட்டில் போகிறதா என்று சொல்லவே முடியாது. கிட்ட வர வர வெளிச்சம் ஒடுங்கும். ஒடுங்கிய வெளிச்சத்துக்குள்ளும் நம் ரோடு இன்னும் இருந்தால் "நம்ம பஸ்தான்" என்கிற நம்பிக்கை கூடிக்கொண்டே போகும். கடைசி வளைவில் அது சட்டென்று திரும்பிப் போய்விடும், அந்த நிமிஷத்தில் நம்பிக்கை பூச்சியம். பஸ் ரோட்டை மாற்றவில்லை, அது முதலிலிருந்தே மேல் டிவிஷன் பஸ்தான். நமக்குத் தெரிந்ததுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. சிறுகோளும் அப்படித்தான். ஒவ்வொரு இரவும் எடுத்த படம் பாதையைக் கொஞ்சம் ஒடுக்கியது, பூமி அந்த ஒடுக்கத்துக்குள் இருந்தவரை சதவீதம் ஏறியது, வெளியே போனதும் விழுந்தது.

அக்கா கேட்டுவிட்டு, "அப்ப பஸ் வராதுங்கிற" என்றார். ஆமாக்கா, வராது.

அந்த வாரம் முழுக்க எனக்கு அப்பாயி, என் அப்பாவின் அம்மா, ஞாபகமாகவே இருந்தது.

எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள், இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கம். இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உட்கார்ந்தால் மேற்கே சிவனொளிபாதமலை நேராகத் தெரியும், 2,243 மீட்டர், உச்சி கூராக. மலை ஏறுகிற சீசனில், அதாவது டிசம்பர் போயா என்கிற பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும், இரவில் நல்லதண்ணிப் பாதையின் லைட் உச்சி வரைக்கும் மாலை மாதிரித் தொங்கும். அப்பாயி கொழுந்து எடுத்து, மடுவத்தில் எடை போட்டு, பீலியில் குளித்துவிட்டு வந்து, சாயத்தண்ணியோடு அந்த இஸ்தோப்பில் ஒரே தூண் ஓரமாகத்தான் உட்காரும். எழுதப் படிக்கத் தெரியாது. காலண்டர் சுவரில் தொங்கியது, அது சாமி படத்துக்காக. நாள் பார்க்கிறது மலையைத்தான். "சூரியன் உச்சிக் கல்லுல எறங்கினா பனி விடப்போகுது. இனி வெயில் காயும், கொழுந்து கொறையும், அரைப் பேர் போட ஆரம்பிச்சிருவாங்க" என்று சொல்லும். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். மார்கழியில் சூரியன் மலைக்கு இடது பக்கம் ரொம்பத் தள்ளி ஒரு பள்ளத்தில் இறங்கும். அங்கே பத்துப் பதினைந்து நாள் நகராமலே இருக்கிற மாதிரி இருக்கும். அதை அப்பாயி "சூரியன் நின்னு யோசிக்குது" என்று சொல்லும்.

சின்னப் பிள்ளையில் கேட்டது. அப்பாயி போய்ப் பல வருஷம் கழித்து, சயன்ஸ் டீச்சராகி அதே லயத்துக்குத் திரும்பி வந்தபின் தான் அதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. அப்பாயி உட்கார்ந்த தூணில் என் கண் உயரத்துக்கு ஒரு ஆணி அடித்தேன். ஆணியில் கன்னத்தை ஒட்டி வைத்தால் தலை எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். மலைத்தொடரைப் போனில் படம் எடுத்து, டவுனில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மட்டையில் ஒட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் சூரியன் மறைகிற இடத்தைச் சிவப்புப் பேனையால் புள்ளி வைத்தேன். (யாராவது செய்து பார்க்கிறதென்றால், சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. முழுக்க மறைந்த பிறகு, கடைசி ஒளி எங்கே அடங்கியது என்று மட்டும் பார்த்தால் போதும்.)

ஒரு வருஷம் எடுத்தது. பாதி ஞாயிறு மழை, மூடுபனி, அதில் புள்ளி இல்லை. இருந்த புள்ளிகளே போதுமாக இருந்தன. தென்கோடிக்கும் வடகோடிக்கும் நடுவே 47 பாகை, கையை நீட்டி முஷ்டி பிடித்து அளந்தால் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி. மார்ச்சிலும் செப்டம்பரிலும் புள்ளிகள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி இருந்தன, ஒரு நாளைக்கு ஏறக்குறைய சூரியனின் அகலம் அளவுக்கு நகர்ந்திருக்கிறது. டிசம்பர் கடைசியில் நாலு ஞாயிறுப் புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிவப்புக் கட்டியாகிவிட்டன. அதுதான் நின்று யோசித்த இடம். உச்சிக் கல்லில் சரியாக இறங்கியது பெப்ரவரி முதல் வாரம். கணக்குப்படி நவம்பர் முதல் வாரமும் அங்கேதான் இறங்க வேண்டும், சூரியன் தென்கோடியில் நிற்கிற டிசம்பர் 21க்கு முன்னால் 45 நாள், பின்னால் 45 நாள். ஆனால் நவம்பரில் எங்களுக்கு மலையே தெரியாது, மழைதான். அப்பாயி நவம்பரைப் பற்றி ஒன்றுமே சொல்லாததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. அது கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்லியிருக்கிறது.

பெரு நாட்டில் சான்கிய்யோ என்று ஒரு இடம் இருக்கிறது. பாலைவனத்தில் ஒரு குன்றின் முதுகில் வரிசையாக 13 கற்கோபுரங்கள், ஏறக்குறைய 2,300 வருஷம் பழையவை. பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு இடத்தில் நின்று பார்த்தால் வருஷம் முழுக்கச் சூரியன் அந்தக் கோபுர வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உதித்துக்கொண்டே போகும், கோபுர இடைவெளியைப் பார்த்தே இரண்டு மூன்று நாள் துல்லியத்தில் தேதி சொல்லலாம். 2007ல் இவான் கெஸ்ஸி, கிளைவ் ரக்கிள்ஸ் என்ற இரண்டு பேர் இதை அளந்து எழுதினார்கள், 2021ல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதைப் பற்றி முதன்முதலாக வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அங்கே குன்று மொட்டையாக, அடையாளம் வைக்க ஒன்றும் இல்லாமல் இருந்ததால் கோபுரம் கட்டினார்கள். எங்களுக்குப் பள்ளமும் முகடும் கல்லும் இயற்கையாகவே கிடைத்தன. அங்கேயும் குறிப்பிட்ட ஒரு இடத்தில்தான் நிற்க வேண்டும், இங்கேயும் அதே தூண்தான். அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற கல்லறை 5,000 வருஷத்துக்கும் மேல் பழையது, டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாள் சூரியன் உதிக்கிறபோது மட்டும் வாசலுக்கு மேலே விட்டிருக்கிற ஒரு சின்னத் திறப்பு வழியாக ஒளி உள்ளே கடைசி அறைவரை போகும். அதைக் கட்டியவர்களும் கல்லை நகர்த்துவதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் ஒரே இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். அநுராதபுரத்தில் ரன்மசு உயனவில் பாறையில் ஒரு வட்டம் செதுக்கியிருக்கிறார்கள், சக்வல சக்கரம் என்று சொல்வார்கள். அதை வேற்றுக்கிரகவாசிகள் வந்து போன வாசல் என்று யூடியூபில் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள், என் பிள்ளைகளும் வந்து கேட்கிறார்கள். அதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. எனக்குக் கோபம் வருவது அதற்காக மட்டும் இல்லை. பழைய ஆட்கள் வெறும் கண்ணையும் பொறுமையையும் வைத்துக்கொண்டு செய்த வேலையை அவர்களிடமிருந்து பிடுங்கி எங்கிருந்தோ வந்தவனிடம் கொடுக்கிற பேச்சு அது. எழுதத் தெரியாத என் அப்பாயி பதினைந்து நாள் நின்ற சூரியனைக் கண்டுபிடிக்க யாரும் ஆகாயத்திலிருந்து இறங்கி வரவில்லை.

சரி, சிறுகோளுக்கு வருகிறேன்.

விழுகிற கல்லைப் பற்றித் தமிழில் ஒரு பழைய குறிப்பு இருக்கிறது, புறநானூற்றில் 229ஆம் பாட்டு. கூடலூர் கிழார் பாடியது. வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன ஆகுமோ என்று நடுங்குகிறார், ஏழாம் நாள் அரசன் இறந்துபோகிறான். பள்ளிக்கூடத்தில் இதை இரங்கல் பாட்டு என்று படித்து முடித்துவிட்டோம். அரசன் செத்ததற்கும் எரிமீனுக்கும் தொடர்பு இல்லைதான். ஆனால் அந்தப் புலவர் எதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார் என்று திரும்ப வாசித்துப் பாருங்கள். மாதம் பங்குனி, அதிலும் முற்பாதி. நேரம் நள்ளிரவு. உச்சியில் இருந்த நட்சத்திரம் சாய்கிறது, அதற்கு எதிரே இன்னொன்று எழுகிறது, வேறொன்று மேற்கே அடைகிறது. பழைய உரை இவற்றை உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்கிறது. எரிமீன் போன திசையையும் விடவில்லை, கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை என்கிறார். மாதம், நேரம், பின்னணியில் இருந்த விண்மீன், போன திசை. இன்றைக்கு ஒரு தீப்பந்தைப் பார்த்துவிட்டு அறிக்கை அனுப்புகிறவரிடமும் இதே நாலைத்தான் கேட்கிறார்கள். பயத்தில் நடுங்கிக்கொண்டே இவ்வளவையும் கவனித்திருக்கிறார் அந்த மனிதர்.

அப்புறம் மெட்ராஸ். 1792ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வான்நோக்கு நிலையம் கட்டியது, அதன் கருங்கல் தூண் இன்றைக்கும் அங்கே நிற்கிறது, அதில் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. 1861 ஏப்ரல் 17ஆம் தேதி அங்கிருந்து நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள், அதனால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். எண் 67. மெட்ராஸிலிருந்தே இன்னும் நாலு கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் போட்டோ எடுத்துச் சிறுகோள் தேடுகிற வழக்கம் கிடையாது. நட்சத்திர வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, படத்தில் இல்லாத புள்ளி வானத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இருந்தால், அடுத்த இரவு அது நகர்ந்திருக்கிறதா என்று திரும்பப் பார்க்க வேண்டும். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஒளி மாறுகிற ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். 1874ல் வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே போவதை நம் மக்களுக்கு விளக்க நம் நாட்டு மொழிகளில் சிறுநூல் எழுதி வெளியிட்டார். இவர் பெயரை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்த 1861ஐ நான் அடிக்கடி நினைப்பேன். அப்போது இங்கே தேயிலை வரவில்லை, கோப்பிக் காலம். திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த காலம். நடந்தவர்களில் எவ்வளவோ பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். அதே வானத்துக்குக் கீழே ஒருவர் வரைபடத்தோடு புள்ளி எண்ணிக்கொண்டிருந்தார், இன்னொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் அதில் ஒன்றும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போக்சனுக்கும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. விண்மீன் வெளிச்சத்தை எண்ணால் சொல்கிற முறையை, ஒரு படி கூடினால் 2.512 மடங்கு மங்கல் என்று 1856ல் ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். அந்த முறையில் வருகிற வெளிச்ச எண்ணை எங்கள் லயத்துக் கோயில் படியில் உட்கார்ந்து பிள்ளைகள் தினமும் எழுதினார்கள்.

விஷயம் இதுதான். ஐ.ஏ.எஸ்.சி. என்று சுருக்கமாகச் சொல்கிற சர்வதேச வானியல் தேடல் திட்டத்தில் யாரும் குழுவாகச் சேரலாம், காசு இல்லை. ஹவாயில் ஹலேயாகலா மலையில் இருக்கிற பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை அனுப்புவார்கள். வானத்தின் ஒரே துண்டை, சில நிமிஷ இடைவெளியில் நாலு தடவை எடுத்த படம். ஆஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் நாலையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, நகர்கிற புள்ளியைத் தேட வேண்டும். ஒரு லேப்டாப், ஏழு பிள்ளைகள், தரம் 9ம் 10ம். லயத்தில் சிக்னல் வராது, மேலே கோயில் படியில்தான் இரண்டு கோடு வரும். அதனால் இரவு படியில் உட்கார்ந்து டவுன்லோட் பண்ணிக்கொண்டு கீழே வந்து பார்ப்போம். மழைக்குக் கரண்ட் போனால் பேட்டரி இருக்கும்வரைக்கும்தான்.

படம் எப்படி இருக்கும் என்றால், நெகட்டிவ் மாதிரி. வெள்ளைத் துணியில் மிளகுத் தூளைக் கொட்டின மாதிரிப் புள்ளிகள். நாலு படமும் மாறி மாறி ஓடும்போது எல்லாப் புள்ளியும் அசையாமல் இருக்கும், தூசி மாதிரி சிலது ஒரு படத்தில் மட்டும் தோன்றி மறையும். அது காமிராவின் குறை, இல்லையென்றால் விண்வெளியிலிருந்து வந்து உணரியில் பட்ட துகள். முதல் வாரம் பிள்ளைகள் எல்லாத் தூசியையும் பிடித்து "டீச்சர் கிடைச்சிருச்சு" என்று கத்தினார்கள். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், நாலிலும் இருக்கணும், ஒரே நேர்கோட்டில் போகணும், எட்டு வைக்கிற தூரம் ஒரே அளவாக இருக்கணும், வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கணும். மூன்றாவது வாரம், வீட்டில் அதிகம் பேசாத ஒரு பிள்ளை, அம்மா வெளிநாட்டில் வேலை செய்கிறார், பாட்டியோடு இருக்கிறாள், அவள் திரையின் ஓரத்தில் விரலை வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவள் விரலை எடுக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால், மிளகுத் தூளிலேயே மெல்லிய ஒரு பொடி, நாலு படத்திலும் எறும்பு மாதிரி ஒரே அளவாக நகர்கிறது. தெரிந்த சிறுகோள்களின் பட்டியலை மேலே போட்டுப் பார்த்தோம். அந்த இடத்தில் எதுவும் இல்லை.

அறிக்கை அனுப்பினோம். பூர்வாங்கக் கண்டுபிடிப்பு என்ற பட்டியலில் ஏற்றுக்கொண்டார்கள். இது ஆரம்பம்தான். வேறு இரவுகளிலும் அது தட்டுப்பட வேண்டும், பாதை உறுதியாக வேண்டும், அப்புறம்தான் எண், பெயர் எல்லாம், வருஷக்கணக்காகும், தொலைந்தும் போகலாம். இதுவரைக்கும் தெரிந்த சிறுகோள்கள் 14 லட்சத்துக்கும் மேல், அதில் இது ஒரு பொடி. ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் காலையில் ஸ்கூலுக்கு நடந்து வந்த நடையை நான் பார்த்தேன்.

பெயர்க் கணக்கும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, அதனால் சொல்லிவிடுகிறேன். 2024 வை.ஆர்.4 என்பதில் முதல் ஆங்கில எழுத்து எந்த அரைமாதம் என்று சொல்லும். ஜனவரி முற்பாதி ஏ, பிற்பாதி பி, இப்படியே போய் டிசம்பர் பிற்பாதிக்கு வை. ஐ எழுத்தை விட்டுவிடுவார்கள். அடுத்த எழுத்து அந்த அரைமாதத்தில் எத்தனையாவது என்று சொல்லும், ஐயை விட்டால் 25 எழுத்து, அதில் ஆர் 17ஆவது. எழுத்துகள் முடிந்து எத்தனை சுற்று திரும்ப வந்தது என்பது கடைசி எண். நாலு சுற்று, நூறு, அதோடு பதினேழு. 117ஆவது. அக்கா பயந்த கல், அந்த அரைமாதத்தில் கண்டுபிடித்த 117ஆவது கல். இதை வகுப்பில் போட்டபோது ஒருத்தன் கேட்டான், "அப்ப மத்த 116ஐப் பத்தி யாரும் வீடியோ போடலையே டீச்சர்?"

மலையகத்தில் இதெல்லாம் யாருக்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970ல் காட்டிய குழுவின் தலைவர் காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெரும. பிற்பாடு அவர் இயக்குநராக இருந்த அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இதே மலையகத்தில், கண்டியில் ஹந்தானையில்தான் இருக்கிறது. விழுந்த கல்லில் பூமியின் அழுக்கு ஒட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் எப்போதுமே இருந்தது. அதைத் தீர்க்கத்தான் நேராகச் சிறுகோளுக்கே விண்கலம் அனுப்பினார்கள். பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பர் 24ஆம் தேதி வந்து இறங்கிய மண் 121.6 கிராம், நாம் கடையில் வாங்குகிற சின்னத் தேயிலைப் பக்கெட் அளவு. அதில் உயிர்கள் பயன்படுத்துகிற 20 அமினோ அமிலத்தில் 14 இருக்கிறதென்று 2025 ஜனவரியில் சொன்னார்கள். வை.ஆர்.4 பயம் பரவிய அதே வாரங்களில் வந்த செய்தி இது. ஒருத்தரும் எனக்கு இதை ஃபார்வர்ட் பண்ணவில்லை.

கடைசியாக அபோஃபிஸ். இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

2004 ஜூனில் கண்டுபிடித்த, சுமார் 340 மீட்டர் அகலமான சிறுகோள். அந்த வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது 2029 ஏப்ரல் 13ஆம் தேதி மோத வாய்ப்பு இருப்பதாக வந்தது, நாளுக்கு நாள் ஏறியது, 2.7 சதவீதத்தைத் தொட்டது. தொட்ட தேதி 2004 டிசம்பர் 27. நமக்கு அந்தத் தேதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் காலையில்தான் கடல் வந்தது. இந்தத் தீவில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள். எங்கள் தோட்டத்தில் ஆட்கள் அரிசியும் கம்பளியும் சேர்த்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அப்பாயி தன் ஒரே நல்ல கம்பளியைக் கொடுத்தது. உலகத்தில் யாருக்கும் வானத்தைப் பார்க்க மனசு இல்லாத அந்த நாளில், சில பேர் பழைய படங்களைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அதே வருஷம் மார்ச்சில், கண்டுபிடிக்கிறதுக்கு மூன்று மாதம் முன்னாலேயே எடுத்த படத்தில் அபோஃபிஸ் மங்கலாகப் பதிந்து கிடந்தது, அப்போது யாரும் கவனிக்கவில்லை. அந்தப் புள்ளியைச் சேர்த்ததும் பாதை ஒடுங்கியது, 2029ல் மோதாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. 2021ல் ரேடாரில் அளந்து, இன்னும் நூறு வருஷத்துக்குப் பயமில்லை என்று முடித்துவிட்டார்கள்.

மோதாது, ஆனால் வரும். பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில், நம் டிவி செய்மதிகளுக்கும் உள்ளே புகுந்து போகும். மிகக் கிட்ட வருகிற நேரம் இலங்கைக் கணக்கில் ஏப்ரல் 14 அதிகாலை மூன்றே கால் சொச்சம். சித்திரைப் புத்தாண்டு விடியப்போகிற நேரம். அந்த நிமிஷம் அது அத்திலாந்திக்குக்கு மேலே இருக்கும், நமக்கு மேற்கே இறங்கிப் போயிருக்கும். அதற்கு முன்னால், 13ஆம் தேதி இரவு, இந்தியப் பெருங்கடலுக்கு மேலாக மேற்கு நோக்கிக் கடந்து போகும், அதுதான் நம் நேரம். மங்கலான நட்சத்திரம் மாதிரித்தான் இருக்கும், ஒரு பைனாகுலர் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் கொஞ்ச நேரம் விடாமல் பார்த்தால் மற்ற நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்வது தெரியும். நாலு படம் வேண்டியதில்லை, ஓடவிட வேண்டியதில்லை. ஏப்ரலில் எங்களுக்குப் பின்னேரம் இடி மழை வரும், இரவு பத்துக்கு மேல் பெரும்பாலும் வெளுக்கும், அப்படியே நடக்க வேண்டும்.

வெளுக்கவில்லை என்றால் மேலே நல்லதண்ணிப் பக்கம் ஏறிவிடலாம் என்று பிள்ளைகள் இப்போதே திட்டம் போடுகிறார்கள். சீசன் நேரம், பாதையில் லைட் இருக்கும், உச்சியில் மேகத்துக்கு மேலே நிற்கலாம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அந்த லைட்டே இடைஞ்சல், அதனால் லயத்து விளக்கெல்லாம் ஒரு மணிநேரம் அணைக்கச் சொல்லித் தலைவரிடம் பேச வேண்டும், கோயில் திருவிழா லைட்டையும். பலகாரம் சுடுகிற இரவில் யார் விளக்கை அணைப்பார்கள் தெரியவில்லை, ஆனால் கேட்பேன்.

பக்கத்துக் காம்பரா அக்காவிடம் ஏற்கனவே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு எண்ணெய்ச் சட்டிய எறக்கி வச்சுட்டுப் பேரனைத் தூக்கிட்டு வாக்கா, நான் காட்டுறேன்" என்று. "தூக்கிட்டா? அவனுக்கு அப்ப ஆறு வயசாயிருமே டீச்சர், அவனே நடந்து வருவான்" என்றார். ஆணி என் கண் உயரத்துக்குத்தான் இருக்கிறது. அவனுக்காகக் கீழே இன்னொன்று அடிக்க வேண்டும்.